இருபத்திநாலு செகண்டு நாற்காலி

ஷாட் கிளாக் போடுற வேலையில ஒரு விசேஷம் இருக்கு: ஒழுங்காச் செஞ்சா அங்கன ஒரு ஆளு உக்காந்திருக்கிறதே யாருக்கும் தெரியாது, ஒரு தடவை தப்பாச் செஞ்சா கம்பத்துல இருந்து தேனி வரைக்கும் தெரிஞ்சிரும். என்னைய தேனி வரைக்கும் தெரியும்.

பள்ளிக்கூடத்துக்கு வேடிக்கை பாக்கப் போயி, கையில ஒரு வேலையோட திரும்பி வந்தவுக உங்கள்ல யாராச்சும் இருந்தா, கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. பந்தல்ல நிழலுக்கு ஒதுங்குனவரை மைக் பிடிக்க விட்டிருப்பாக, சாப்பிட வந்தவரு கையில சாம்பார் வாளியைக் குடுத்திருப்பாக. முடியாதுன்னு சொல்ல வாய் வந்திருக்காது. உங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். மத்தவுகளுக்கு இதெல்லாம் சிரிப்பா இருக்கும். எனக்கு இப்பவும் நினைச்சா காது சூடாகுது.

ஆளு சிக்குனாரு

நான் கம்பத்துல இன்வெர்ட்டர், பேட்டரி கடை வச்சிருக்கேன். பேஸ்கட்பால்ல எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், என் மக கயல்விழி அதை ஆடுறா. பதினொண்ணாவது படிக்கிறா. எப்படியாச்சும் மாவட்ட டீமுக்குள்ள போயிரணும்னு விடியுறதுக்கு முன்னாடியே ஷூவை மாட்டிக்கிட்டு ஓடுறா. நான் திரும்பிப் படுப்பேன்.

இந்த வருசம் பழைய மாணவர்கள் சேந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஷாட் கிளாக் வாங்கிக் குடுத்தாக. ரெண்டு கூடைக்கும் மேல ரெண்டு பெட்டி, அதுல சிவப்பு நம்பரு. டேபிள்ல அதை ஓட்டுறதுக்கு ஒரு சின்னப் பெட்டி, அதுல மூணு பட்டன். வயரிங் செய்யப் போனது நான். வேலையை முடிச்சு ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள்ள போடலை, அதுக்குள்ள பி.டி. வாத்தியாரு ஜெபராஜ் சார் என் தோள்ல கையைப் போட்டுட்டாரு. "அண்ணே, மிஷினு தெரிஞ்ச ஆளு நீங்கதான். மேட்ச் அன்னைக்கு நீங்களே உக்காந்துருங்க. சும்மா அமுக்குறதுதான்."

சும்மா அமுக்குறது என்னன்னா: ஒரு டீம் கைக்குப் பந்து வந்துட்டா இருபத்திநாலு செகண்டுக்குள்ள கூடையைப் பாத்து எறியணும். எறிஞ்ச பந்து கூடையோட இரும்பு வளையத்துல, அதாவது ரிங்ல பட்டுச்சுன்னா கிளாக்கைத் திரும்ப ஏத்தி வைக்கணும். படலைன்னா தொடக்கூடாது, அது பாட்டுக்கு ஓடணும். நேரம் தீந்தா ஹாரன் அடிக்கும், பந்து எதிராளிக்குப் போயிரும். பட்டுச்சா படலையான்னு பாக்குறதுதான் மொத்த உத்தியோகமும்.

உள்ளதைச் சொல்றேன், எனக்கு அந்த நாற்காலி மேல ஆசை வந்துருச்சு. பெத்தவுகளை எல்லாம் கயித்துக்கு அங்கிட்டு வெயில்ல நிக்க வச்சிருவாக. இந்த நாற்காலி கோர்ட்டு கோட்டை ஒட்டி, பந்தல் நிழல்ல. மக ஆடுறதை அவ்வளவு பக்கத்துல நான் பாத்ததே இல்லை. அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது பெருமையா விசயத்தைச் சொன்னேன். கயல் தோசையை அப்படியே வச்சிட்டா.

"அப்பா, கடையில பில்லு மிஷின்லயே நாலு தடவை தப்பா அமுக்கித்தான் ஒரு பில்லு போடுறீக, அங்கன வந்து உக்காந்தீகன்னா என் மானம் போயிரும்ப்பா."

ரெண்டு கையும்

முத மேட்ச் சின்னமனூரு டீமோட. நான் சலவைச் சட்டை போட்டுக்கிட்டு, பெட்டி மேல கையை வச்சுக்கிட்டு, பரீட்சை எழுதுற பிள்ளை கணக்கா உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. அந்தா கயல் பந்தை வாங்குனா, ரெண்டு பேரை ஏச்சுப்பிட்டு உள்ள புகுந்தா, போட்டா. விழுந்துருச்சு.

எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியலை. எந்திரிச்சு நின்னு கைதட்டுறேன். ஒரு கையில்லை, ரெண்டு கையும். "ஆத்தா! ஆத்தா!"ன்னு கத்தவும் செய்யிறேன். சின்னமனூரு பிள்ளைக பந்தை எடுத்து ஆட ஆரம்பிச்சு, இந்தப் பக்கம் வந்து, நிதானமா நாலு பாஸ் போட்டுக்கிட்டு இருக்கு. மேல பாத்தா சிவப்பு நம்பரு இருபத்திநாலுல அசையாம நிக்குது. விசிலு ஊதி ஆட்டத்தை நிறுத்திட்டாக. கயல் முகத்தை ஜெர்சியால துடைக்கிற மாதிரி மூடிக்கிட்டா. சின்னமனூரு கோச் டேபிளுக்கே நேரா வந்துட்டாரு.

"பட்டனை அமுக்கத்தான்யா உங்களை உக்கார வச்சிருக்காக, கைதட்டுறதுக்குக் கயித்துக்கு அங்கிட்டு ஊரே நிக்குது!"

பொன்னாடை

நம்ம பக்கத்துல பொன்னாடை இல்லாம ஒரு விழா நடக்காது, அது உங்களுக்கே தெரியும். ஆனா அதைப் போத்துறதுக்கு நேரம் காலம்னு ஒண்ணு இருக்கில்ல?

பள்ளிக்கூட ஆண்டுப் போட்டிக்கு ஏலக்காய் வியாபாரி ஒருத்தர் சிறப்பு விருந்தினரு. நல்ல மனுசன். அவருக்கு அடுத்து ஒரு கலியாணத்துக்குப் போகணுமாம், அதனால ஆட்டம் நடக்கும்போதே டேபிள்ல இருக்கிற எங்களுக்கு எல்லாம் பொன்னாடை போத்திட்டுக் கிளம்பிருவோம்னு வந்துட்டாக. ஸ்கோர் எழுதுற டீச்சருக்குப் போத்துனாக. அடுத்து நான். பெரிய மனுசன் முன்னாடி வந்து நிக்கையில உக்காந்துக்கிட்டே வாங்குனா நல்லா இருக்குமா? எந்திரிச்சேன். கும்பிட்டேன். போட்டோ எடுக்கிறவரு "சார், இங்கிட்டுப் பாருங்க"ன்னாரு. பாத்தேன். பொன்னாடை தோள்ல இருந்து வழுக்கிப் பெட்டி மேல விழுந்து, மூணு பட்டனையும் மூடிருச்சு.

அந்த நேரம் பாத்து எங்க பிள்ளைக எறிஞ்ச பந்து ரிங்ல 'டங்'குன்னு பட்டு, திரும்ப எங்க பிள்ளைக கைக்கே வந்துருச்சு. நான் கிளாக்கை ஏத்தி வைக்கணும். ஜரிகைக்குள்ள கையை விட்டுத் தடவுறேன், எது எந்தப் பட்டன்னு பிடிபடலை. கயல் கூடைக்கு நேரா பந்தோட எகிறுறா, ஹாரன் அலறுது. பிள்ளை பயந்து கையை நிப்பாட்டுனா, எதிராளி பந்தைப் புடுங்கிக்கிட்டு ஓடிருச்சு. எகிறுன பிள்ளை இறங்கி நின்னு டேபிளைப் பாத்தா பாருங்க, அந்தப் பார்வையை விட நாலு அடி வாங்கியிருக்கலாம். கூட்டமே என்னையப் பாக்குது, நான் கழுத்துல பாதி பொன்னாடையோட நிக்கிறேன். சிறப்பு விருந்தினருக்கு மட்டும் முகமெல்லாம் மலர்ந்துருச்சு.

"எனக்கெதுக்கப்பா ஹாரனெல்லாம், சும்மா ஒரு மாலையோட முடிச்சிருக்கலாம்ல!"

கடை பேட்டரி

இதைச் சொல்லாம விட்டுரலாம்னு பாத்தேன். ஆனா ஊருக்கே தெரிஞ்ச விசயத்தை உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது.

குமுளிப் பக்கமிருந்து ஒரு டீம் வந்து ஆடிக்கிட்டு இருக்கு. நடுவுல கரண்டு போயிருச்சு. ரெண்டு பெட்டியும் கண்ணை மூடிருச்சு. ஜெபராஜ் சார் கொஞ்சமும் பதறலை. "அதான் அண்ணன் இருக்காரே"ன்னு என்னையக் கைகாட்டுனாரு. டேபிளுக்கு அடியில என் கடை இன்வெர்ட்டர், என் கடை பேட்டரி, நானே கொண்டாந்து வச்சது. சுவிட்சைப் போட்டேன். 'கீ'ன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். சார்ஜ் போட்டு வைக்க மறந்துட்டேன். ஊருக்கெல்லாம் சார்ஜ் போடுறவன் என் பேட்டரிக்குப் போடலை.

அப்புறம் கைக்கடிகாரத்தைப் பாத்துக் கடைசிப் பத்து செகண்டை வாயால கத்தணும்னு ஆச்சு. கத்துனேன். "பத்து, ஒம்பது, எட்டு"ன்னு தக்காளி ஏலம் விடுற மாதிரி தொண்டை கிழியக் கத்துனேன். அஞ்சு வரும்போது பிள்ளைக பந்தை எறிஞ்சிருச்சு, நான் அதைக் கவனிக்காம "நாலு, மூணு"ன்னு போய்க்கிட்டே இருக்கேன். குமுளிப் பிள்ளைக சிரிப்பை அடக்க முடியாம கோர்ட்டுலயே உக்காந்துருச்சு. கயல் சிரிக்கலை. கயித்துக்கு அங்கிட்டு இருந்து கடைக்கு வந்து பழக்கமான குரல் ஒண்ணு, பக்கத்து ஆளுகிட்டச் சொல்றது எனக்கு நல்லாக் கேட்டுச்சு.

"ஏலே, நேத்துத்தான்டா இந்தாளுகிட்ட ரெண்டு பேட்டரி வாங்கி வீட்டுல மாட்டுனேன்!"

மொட்டை மாடிப் பாடம்

தேனியில கடைசிப் போட்டி வந்துச்சு. அன்னைக்குத்தான் மாவட்ட டீமுக்கு ஆளு எடுக்கப் போறாக, எடுக்கிறவுக நேர்ல வந்து உக்காருவாக. அங்கன ஷாட் கிளாக் இல்லாததால எங்க பள்ளிக்கூடத்துப் பெட்டியையே கழட்டி எடுத்துட்டுப் போறதா முடிவாச்சு. பெட்டி போனா நானும் போகணும். நான் வரலைன்னு ஜெபராஜ் சார்கிட்டச் சொல்லத்தான் செஞ்சேன். "வேற யாருண்ணே இருக்கா?"ன்னாரு. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டுப் பெட்டியைக் கழட்டப் போயிட்டேன். மறுத்துப் பேசத் தெரிஞ்சிருந்தா நீங்களும் நானும் இந்த மாதிரி இடத்துல மாட்டியிருப்போமா?

கயல் அழுதா ஒரு பொழுது. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, என்னைய மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனா. துணி காயப்போடுற கம்பியில ஒரு பழைய சல்லடை வளையத்தைக் கட்டித் தொங்க விட்டா. பந்தை எறிவா, நான் பட்டுச்சு, படலைன்னு சொல்லணும். "அப்பா, என்னையப் பாக்காதீக. நான் எப்படி எறியுறேன், எங்க ஓடுறேன், அதெல்லாம் உங்களுக்கு வேணாம். ரிங்கைப் பாருங்க. ரிங்கை மட்டும்." சரி சரின்னு தலையாட்டுனேன். அவ எறிஞ்சா. நான் அவ கையைத்தான் பாத்தேன். சின்னப் பிள்ளையில தீபாவளி மத்தாப்பு பிடிக்கப் பயப்படுற கை அது, இப்ப அம்மாம் பெரிய பந்தை ஒத்தைக் கையில தள்ளுது. பட்டுச்சான்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? துணி எடுக்க வந்த என் வீட்டுக்காரி கொஞ்ச நேரம் இதை வேடிக்கை பாத்துட்டு மககிட்டச் சொன்னா:

"தாலி கட்டும்போதே பந்திப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்த மனுசன்டி, இவரைப் போயி ரிங்கைப் பாக்கச் சொல்றியே!"

மைக்கு

தேனி மேட்ச்ல அன்னைக்கு நான் ஒரு தப்புக்கூடச் செய்யலை. கடைசி நிமிசம் வரைக்கும். இதை நீங்க நம்பணும். பேட்டரி முழு சார்ஜ். கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டேன், கைதட்டிரக் கூடாதுன்னு. தேவைக்கு மட்டும் வெளிய எடுத்தேன். கயல் அன்னைக்கு ஆடுன ஆட்டம் இருக்கே, ஆளு எடுக்க வந்த அம்மா ரெண்டு தடவை பேனாவை எடுத்து எழுதுனதை நான் ஓரக்கண்ணால பாத்தேன்.

ஆட்டம் முடியப் போற நேரம். தேனி டீம் ஒரு பாயிண்டு முன்னால. எங்க பிள்ளைக கையில பந்து. இந்த ஒண்ணு விழுந்தா ஜெயிச்சிரும். ஆட்டத்துக்கு ஏழெட்டு செகண்டு இருக்கு, ஷாட் கிளாக்ல மூணுதான் மிச்சம். கயல் தூரத்துல இருந்து எகிறி எறிஞ்சா. பந்து தூரம் பத்தாம கட்டையாப் போச்சு. கூடைக்கு அடியில நின்ன மும்தாஜுங்கிற பிள்ளை அதைத் தாவிப் பிடிச்சா. பிடிச்சு நிதானிக்கிறதுக்குள்ள ஹாரன் அடிச்சிருச்சு. ஹாரன் அடிச்ச பெறகு அந்தப் பிள்ளை பந்தைக் கூடையில போட்டா. விழுந்துருச்சு.

இப்ப விசயம் என்னன்னா, கயல் எறிஞ்ச பந்து ரிங்ல பட்டிருந்தா நான் கிளாக்கை ஏத்தி வச்சிருக்கணும், ஹாரன் தப்பு, கூடை செல்லும், நாங்க ஜெயிச்சோம். படலைன்னா ஹாரன் சரி, கூடை செல்லாது, தோத்தோம். ரெண்டு ரெஃப்ரியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிள்ளைக மறைச்சதுல பாக்கலை. பெரிய ரெஃப்ரி, பெரியகுளத்துக்காரரு, டேபிளுக்கு வந்தாரு. "சொல்லுங்க சார், ரிங்ல பட்டுச்சா?"

நான் என்ன சொல்ல? பட்டன்ல கையே வைக்கலை நான். ஹாரன் சரியா தப்பான்னு எனக்கே தெரியாது. "சார், எனக்குத் தெரியாது சார். நான் ரிங்கைப் பாக்கலை. என் மகளைப் பாத்துக்கிட்டு இருந்தேன்." மெதுவாத்தான் சொன்னேன். ஆனா அறிவிப்பு செய்யிற கணக்கு வாத்தியாரு டீ குடிக்கிறதுக்காக மைக்கை என் முன்னாடி வச்சிட்டுப் போயிருக்காரு, ஆஃப் பண்ணாம. மைதானத்து மூணு மூலையில இருந்தும் என் குரலே என் காதுல வந்து விழுந்துச்சு. அப்புறம் சிரிச்சாக பாருங்க, எனக்கு அந்த டேபிளுக்கு அடியில பேட்டரியோட பேட்டரியா படுத்துரலாம் போல இருந்துச்சு. எங்க ஊருக்காரக சிரிக்கலை. "பட்டுச்சுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானய்யா!"ன்னு ஒருத்தரு கத்துனாரு.

அந்தச் சிரிப்புக்கு நடுவுல கயல் நடந்து வந்தா. முகம் சிவந்திருந்துச்சு. என்னையப் பாக்கவே இல்லை. ரெஃப்ரி முன்னாடி கையைத் தூக்கிக்கிட்டு நின்னா. மைக்கு அதையும் ஊருக்கெல்லாம் சொல்லுச்சு.

"படலை சார், நெட்டுல மட்டும்தான் உரசுச்சு, நான்தான் எறிஞ்சேன், எனக்குத் தெரியும்."

வேன்ல

பரிசு குடுத்து முடிச்சுப் பேரு வாசிச்சாக. பன்னெண்டு பேரு வாசிச்சாக, கயல் பேரு வரலை. கடைசியா, "ஸ்டாண்ட்பை, கயல்விழி, கம்பம்"னாக. யாருக்காச்சும் முடியலைன்னா இவ ஆடலாம். பயிற்சி கேம்புக்குப் போகலாம், பெஞ்சுல உக்காரலாம். அந்த ஒரு பந்து விழுந்திருந்தா பேரு மேல இருந்திருக்கும். அது எனக்கும் தெரியும், வேன்ல வந்த எல்லாருக்கும் தெரியும்.

மும்தாஜு ஜன்னல்ல தலையைச் சாச்சிருந்தா. நான் கடைசி சீட்டுல ஷாட் கிளாக் பெட்டியை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், ஒரு பிள்ளை முகத்தையும் நிமிந்து பாக்க முடியலை. உத்தமபாளையம் தாண்டுனதும் கயல் முன்னாடி சீட்டுல இருந்து எந்திரிச்சு வந்து என் பக்கத்துல உக்காந்தா. திட்டப் போறான்னு நினைச்சேன். திட்டுனா நல்லா இருக்கும்னுகூட நினைச்சேன்.

"அப்பா, அந்தக் கடைசி ஷாட்டு ஏன் கட்டையாப் போச்சு? எல்லாரும் பந்தைப் பாத்திருக்காக. என்னையப் பாத்தது நீங்க ஒருத்தர்தான். சொல்லுங்க."

எனக்குத் தெரியும். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். சொல்லவா வேணாமான்னு கொஞ்ச நேரம் பெட்டியைத் தடவிக்கிட்டு இருந்தேன். "நல்லாத்தான் எகிறுன ஆத்தா. கை நேரா இருந்துச்சு. ஆனா பந்தை விடுற நேரத்துல தலையைத் திருப்பி டேபிளைப் பாத்துட்ட. என்னைய."

வேன் வயக்காட்டு ஓரமாப் போய்க்கிட்டு இருக்கு. எனக்கு அப்பத்தான் விளங்குச்சு. முன்னாடி செஞ்ச கோளாறு எல்லாம் சேந்து, அந்த ஒரு செகண்டுல பிள்ளையைத் திரும்பிப் பாக்க வச்சிருச்சு. நான் அந்த நாற்காலியில இல்லாம இருந்திருந்தா பாத்திருக்க மாட்டா. "மன்னிச்சுரு ஆத்தா"ன்னேன். கயல் என் மடியில இருந்த பெட்டியை எடுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டா. தலையை என் தோள்ல சாச்சா.

"நீங்க அமுக்குறீகளான்னுதான்ப்பா பாத்தேன், ஆக மொத்தம் நாம ரெண்டு பேருமே ரிங்கைப் பாக்கலை."

கேம்புக்கும் ஷாட் கிளாக் போட நீங்களே வாங்கண்ணேன்னு ஜெபராஜ் சார் நேத்துக் கடைக்கே வந்து கூப்பிட்டாரு; பட்டனெல்லாம் உங்கள்ல யாராச்சும் அமுக்கிக்கங்க, நான் கயித்துக்கு அங்கிட்டு வெயில்ல நின்னு, ஸ்டாண்ட்பை பெஞ்சைப் பாத்து, ரெண்டு கையாலயும் கைதட்டப் போறேன்.